மகாராஜாவால் உட்கார முடியவில்லை

1686ஆம் வருடத் தொடக்கத்தில், அக்கம்பக்கத்து தேசங்கள் எதையுமே நிம்மதியாக உட்கார விடாத பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயிக்கு, உட்காருகிற இடத்தில் ஒரு கட்டி வந்தது.

சூரிய ராஜா என்று பட்டம். உலகம் தன்னைச் சுற்றுகிறது என்று அவர் நம்பினார். கூட இருந்தவர்களும் நம்பினார்கள், சம்பளம் அப்படி. வெர்சாய் அரண்மனையைக் கட்டி, நாட்டிலுள்ள பிரபுக்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து குடிவைத்து, காலையில் சட்டையை எடுத்துக் கொடுப்பது யார், ராத்திரி மெழுகுவர்த்தி பிடிப்பது யார் என்று அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும்படி பார்த்துக்கொண்ட கெட்டிக்காரர். அவர் தூங்கி எழுவது ஒரு விழா. சாப்பிடுவது ஒரு விழா. காலைக் கடனுக்காக ஓட்டை போட்ட நாற்காலியில் அமரும்போது பக்கத்தில் நிற்பதற்குக்கூட எழுத்துமூல அனுமதி உண்டு. அதை வாங்க சிபாரிசு பிடித்தவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள். உடம்பில் அந்தரங்கம் என்று ஓர் அங்குலம் மிச்சம் வைக்காத அந்த மனிதருக்கு, சபையில் சொல்ல முடியாத இடத்தில் வியாதி.

வியாதியின் பெயர் பவுத்திரம். தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரிலும் ரயில்வே பாலத்துத் தூணிலும் மூலத்துக்கு அடுத்ததாக எழுதியிருக்குமே, ‘ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று கீழே போன் நம்பரோடு, அதே பவுத்திரம்தான். ஆசனவாய்க்குச் சற்று உள்ளே சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்தால், சீழ் வெளியே வர வழி தேடும். நேர்வழி கிடைக்காவிட்டால் சதையைக் குடைந்துகொண்டு ஒரு சுரங்கம் போட்டுப் பக்கத்துத் தோலில் வந்து எட்டிப் பார்க்கும். உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவே ஒரு குழாய். வெளிவாய் மூடினால் உள்ளே சீழ் கட்டி வலி உயிர் போகும். திறந்தால் வலி குறையும், துணி நனையும். மூடும், திறக்கும், மூடும். தானாக ஆறுவது அபூர்வம்.

ராஜ வைத்தியர் அந்துவான் தாக்கான் வந்து பார்த்தார். அவருடைய ஆட்சிக்காலத்தில் அதற்கு முந்தின வருடம் நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். ராஜாவுக்குப் பல் உபத்திரவம். மேல்தாடையில் இடதுபக்கப் பற்களைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய வேகத்தில் தாடை எலும்பிலும் ஒரு சில்லு கூடவே வந்துவிட்டது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை. ராஜா தண்ணீர் குடித்தால் ஒரு பங்கு மூக்கு வழியாகத் திரும்பி வரும். வெர்சாய் தோட்டத்து நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதாமல் எஞ்சினியர்கள் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கே ஒன்று புதிதாகத் திறந்துகொண்டது. ஓட்டையை அடைக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்தார்கள். பெயருக்குப் பொருத்தமாகப் பதினான்கு தடவை. சூடு வைத்தவர் களைத்த அளவுக்கு ராஜா களைக்கவில்லை என்று தாக்கான் குறிப்பில் எழுதிவைத்தார். ராஜாவின் உடம்பைப் பற்றி ஏடு எழுதுவது ராஜ வைத்தியரின் வேலைகளில் ஒன்று. மூன்று வைத்தியர்கள் அடுத்தடுத்து எழுதிய அந்த ஏடு இன்றும் இருக்கிறது. பேதி மருந்து கொடுக்காத மாதத்தை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, கட்டி வந்ததும் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். பற்றுப் போட்டார்கள். பழுக்கவில்லை. களிம்பு தடவினார்கள். கேட்கவில்லை. அரண்மனைச் சீமாட்டி ஒருத்தி தன் கைவைத்தியப் பற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். எரிச்சல்தான் கூடியது. காரம் வைத்துச் சுட்டார்கள். மாதக்கணக்கில் இந்தக் கூத்து. குதிரைப் பிரியரான ராஜா, வண்டியில் மெத்தை மேல் மெத்தை போட்டுக்கொண்டு போனார். அதிகக் குதிரைச் சவாரிதான் காரணம் என்றார்கள். வாழ்நாள் முழுக்க ஏற்றிய எனிமாக் குழாயின் மேல் யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. குழாய் வைத்தியர் கையில் இருந்தது அல்லவா.

இதற்குள் விஷயம் கசிந்தது. கசியத்தானே செய்யும். ஊரிலுள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்து இருந்தது. பிரெனே மலையில் பரேஷ் என்ற ஊரின் வெந்நீர் ஊற்று, இன்னொரு ஊரின் இன்னொரு ஊற்று, சாமியார் ஒருவரின் ரகசியத் தீர்த்தம், வேறொருவரின் களிம்பு. எல்லாவற்றையும் ராஜாவின் மேலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? அதற்குத்தான் குடிமக்கள் இருக்கிறார்களே. அதே வியாதி உள்ள நான்கு பேரைத் தேடிப் பிடித்து, கூட ஒரு சர்ஜனையும் போட்டு, அரசாங்கச் செலவில் பரேஷுக்கு அனுப்பினார்கள். சுரங்கத்துக்குள் வெந்நீரைப் பீச்சிப் பீச்சிப் பார்த்தார்கள். போன பவுத்திரம் போனபடியே திரும்பி வந்தது. போர் மந்திரி லூவ்வா தன் அலுவலகக் கட்டடத்தில் சில அறைகளைக் காலி செய்து கட்டில் போட்டு, நோயாளிகளைத் தங்கவைத்து, மருந்து வைத்திருப்பதாகச் சொன்ன அத்தனை பேரையும் வந்து நிரூபிக்கச் சொன்னார். ஐரோப்பாவின் மிகப் பெரிய ராணுவத்தை நடத்தியவர், அந்த வருடம் பவுத்திர வார்டு நடத்தினார். ஒருவருக்கும் குணமாகவில்லை. இந்தக் கதையையெல்லாம் நமக்குச் சொல்பவர் பியேர் தியோனிஸ், அக்காலத்து சர்ஜன், மாணவர்களுக்கு ஆபரேஷன் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவர் புத்தகத்தில் பாடத்தைவிட வம்பு ருசியாக இருக்கும்.

கடைசியில் கத்திதான் என்று முடிவாயிற்று. கத்தி என்றால் ராஜ வைத்தியர் அல்ல. அவர் லத்தீனில் யோசிப்பவர், கையில் ரத்தம் படக் கூடாது. கத்தி பிடிப்பது சர்ஜன். சர்ஜன்களும் நாவிதர்களும் பாரிஸில் அப்போது ஒரே சங்கம். அங்கி போட்ட டாக்டர்கள் அவர்களைப் படிக்காத கூட்டம் என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். ராஜாவின் தலைமை சர்ஜன் சார்ல் ஃபிரான்சுவா ஃபெலிக்ஸ். அப்பாவும் அதே பதவியில் இருந்தவர். ஃபெலிக்ஸுக்கு இந்த ஆபரேஷனில் கைப்பழக்கம் இல்லை. ராஜாவிடம் போய், ‘இதுவரை செய்ததில்லை, முதல் முதலாகத் தங்களுக்குத்தான்’ என்று சொல்ல முடியாது. ஆகவே அவகாசம் கேட்டார். பழைய புத்தகங்களைப் புரட்டினார். சுரங்கத்தின் மேற்கூரையை முழு நீளத்துக்கும் கீறித் திறந்துவிட வேண்டும் என்ற யோசனை புதிதல்ல, ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து கீறியும் நூல் கட்டி அறுத்தும் பார்த்திருக்கிறார்கள். 300 வருடத்துக்கு முன்பே ஜான் ஆர்டர்ன் என்ற ஆங்கிலேயர் இதற்கென்று ஒரு நூலே எழுதி, பெரிய மனிதர்களிடம் பெரிய கட்டணமும் வாங்கியிருந்தார். ஃபெலிக்ஸ் ஒரு வளைந்த கத்தி செய்யச் சொன்னார். முனையில் நீண்ட வெள்ளிச் சலாகை, அது சுரங்கத்துக்குள் ஒரு வாய் வழியே நுழைந்து மறுவாய் வழியே வெளியே வரும். பின்னாலேயே கத்தியின் அலகு. உள்ளே போகும்போது சதையைக் கிழிக்காமல் இருக்க அலகுக்கு வெள்ளி உறை. உள்ளே போனதும் உறையை உருவிவிட்டு ஒரே இழுப்பு. யோசித்துச் செய்த கருவிதான், சந்தேகமில்லை.

அதைப் பழகுவதற்கு மறுபடியும் குடிமக்கள். தர்ம ஆஸ்பத்திரிகளில் கிடந்த பவுத்திரக்காரர்களை வெட்டி வெட்டிக் கை பழகினார். பவுத்திரமே இல்லாத சிலரும் அகப்பட்டுக்கொண்டார்கள் என்றும், பிழைக்காதவர்களை விடிவதற்குள் புதைத்தார்கள் என்றும் பேச்சு உண்டு. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ராஜாவின் ஒவ்வொரு பேதிக்கும் தேதி இருக்கிறது.

1686 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. அரண்மனையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் தெரியும். பட்டத்து இளவரசருக்கே தெரியாது, அவர் வேட்டைக்குப் போயிருந்தார். அறையில் இருந்தவர்கள்: ராஜா ரகசியமாகக் கட்டிக்கொண்ட இரண்டாவது மனைவி மேந்த்தனோன் சீமாட்டி, லூவ்வா, தாக்கான், இன்னொரு வைத்தியர் ஃபாகோன், ஃபெலிக்ஸுக்குத் துணையாக பெஸியேர் என்ற பாரிஸ் சர்ஜன், மருந்து கலக்குபவர்கள் நாலு பேர், பாவசங்கீர்த்தனம் கேட்கிற லா ஷேஸ் பாதிரியார். பிற்காலத்தில் பாரிஸின் பிரசித்தமான கல்லறைத் தோட்டத்துக்கே இவர் பெயரை வைத்தார்கள், ஆபரேஷன் தியேட்டரில் இருக்க வேண்டிய ஆள்தான். கட்டிலின் ஓரத்தில் ஜன்னலைப் பார்த்து, வயிற்றுக்கடியில் தலையணை வைத்து ராஜாவைக் குப்புறப் படுக்கவைத்து, மருந்துக்காரர்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு தொடையைப் பிடித்துக்கொண்டார்கள். சூரியன் அன்றைக்கு மேற்குப் பக்கமாக உதித்தது.

மயக்க மருந்து? பாஸ்டனில் ஒரு பல் டாக்டர் ஈதர் கொடுத்துக் காட்ட இன்னும் 160 வருடம் பாக்கி. கத்தியால் இரண்டு இழுப்பு, கத்தரிக்கோலால் எட்டு வெட்டு. ராஜா கத்தவில்லை. ஆண்டவரை அழைத்தார், அவ்வளவுதான். பதிவுகளில் இதை எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பென்ஷன் வாங்குகிற சாட்சிகள் என்றாலும் நம்புகிறேன். வாய்க்குள் 14 சூடு வாங்கியவர் அவர்.

ஆபரேஷன் வெற்றி. இனிமேல்தான் விஷயமே.

முதல் வேலையாக, ஒரு மணி நேரம் கழித்துக் கையில் ரத்தநாளத்தைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். கீழே போன ரத்தம் போதவில்லை போலிருக்கிறது. காயம் பட்ட பிறகு காய்ச்சல் வரும், காய்ச்சல் என்றால் ரத்தம் மிஞ்சிவிட்டது என்பது அக்காலத்துக் கொள்கை. இன்றைக்கு நாம் ஆபரேஷன் ஆனவருக்கு டிரிப் ஏற்றுகிறோம். அவர்கள் இறக்கினார்கள்.

இரண்டாவது வேலை, செய்தி. விஷயம் வெளியே போனதும் இளவரசர் வேட்டையை விட்டுவிட்டு அழுதுகொண்டே குதிரையை விரட்டி வந்தார். ராஜா அன்று சாயங்காலமே படுக்கையில் படுத்தபடி மந்திரிசபைக் கூட்டம் நடத்தினார். மறுநாள் வெளிநாட்டுத் தூதர்களை உள்ளே விடச் சொன்னார். இது வீம்பு மட்டும் அல்ல. அந்த வருடம்தான் அவருக்கு எதிராக அவுக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டணி கையெழுத்தாகியிருந்தது. அதற்கு முந்தின வருடம் பிராட்டஸ்டண்டுகளின் உரிமையை ரத்துசெய்து லட்சக்கணக்கான பேரை நாட்டைவிட்டு ஓட வைத்திருந்தார். ஓடிப்போனவர்கள் ஹாலந்திலும் லண்டனிலும் உட்கார்ந்துகொண்டு, ராஜாவின் வியாதி வந்த இடத்தை அறிந்து ஆண்டவனின் குறி தவறாது என்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. ராஜா சாகக் கிடக்கிறார் என்று ஒரு வதந்தி போதும், எல்லையில் படை திரளும். ஆகவே தூதர்கள் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டிருப்பதுதான் வெளியுறவுக் கொள்கை. நெற்றியில் வேர்த்தது. வாய் மட்டும் நலம் விசாரித்தது. வலிக்கு அவரிடம் இருந்த ஒரே மருந்து, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

நாலு பேர் போனபின் டிரெஸ்ஸிங். பவுத்திர ஆபரேஷனில் வெட்டுவது சில நிமிடம், ஆற்றுவது பல வாரம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. திறந்துவிட்ட பள்ளம் அடியிலிருந்து மேலே நிரம்பி வர வேண்டும். தோல் அவசரக்காரி, அடி ஆறுவதற்குள் மேலே வந்து மூடிக்கொள்ளும். அப்படி மூடிவிட்டால், மேலே ஆடை படிந்து அடியில் கொதிக்கிற பால்தான். உள்ளே மறுபடி சீழ், மறுபடி சுரங்கம், முதலிலிருந்து எல்லாம். தோலை மூட விடாமல் தடுக்க, பழந்துணியைப் பிய்த்தெடுத்த நூல்திரியைக் களிம்பில் நனைத்துப் பள்ளத்துக்குள் திணித்துவைப்பார்கள். மறுநாள் ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்கும் திரியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் திணிப்பார்கள். நடுவில் மலம் கழித்தாக வேண்டும். பவுத்திர ஆபரேஷன் ஆன யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஆபரேஷனைப் பற்றிப் பேச மாட்டார், முதல் தடவை கழிப்பறைக்குப் போனதைப் பற்றித்தான் பேசுவார். இன்றைக்கு மலம் இளக மருந்து, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்காருவது, நேரத்துக்கு வலி மாத்திரை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. ராஜாவுக்கு நாலு கிண்ணம் சூப்பும் முழுப் பறவையும் ஆட்டிறைச்சியும் பலகாரமும் ஒரே வேளையில் சாப்பிடுகிற வயிறு. அந்த வயிற்றுக்கும் அந்தக் காயத்துக்கும் நடுவே ஃபெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

டிசம்பரில் ஃபெலிக்ஸ் பயந்தது நடந்தது. மேல்தோல் முந்திக்கொண்டது. பள்ளத்தில் கெட்டியான தடிப்பும் தெரிந்தது. என்ன செய்வது? ஆபரேஷன் அமோக வெற்றி என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, வாழ்த்துச் செய்திகள் வந்து குவிகின்றன. இந்த நேரத்தில் ராஜாவிடம் போய், ‘மறுபடி குப்புறப் படுக்க வேண்டும்’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். என் கணக்கில், நவம்பர் காலையில் கத்தியை வைத்ததைவிட டிசம்பரில் வாயைத் திறந்ததுதான் ஃபெலிக்ஸின் பெரிய காரியம். ராஜாவும் முகம் சுளிக்காமல் படுத்தார். மறுபடி வெட்டினார்கள், சில நாள் இடைவெளியில் மறுபடியும். இந்தத் தடவை முதல் தடவையைவிட வலி. மேந்த்தனோன் சீமாட்டி ஒரு கடிதத்தில், சக்கரத்தில் கட்டி எலும்பை முறிக்கிற தண்டனை பெற்றவர்போல ராஜா ஏழு மணி நேரம் துடித்தார் என்றும், நாளைக்கும் இது தொடருமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதினாள். ராஜா கத்தவில்லை என்ற பழைய செய்தியோடு இதையும் வைத்துப் படிக்க வேண்டும். சபைக்கு ஒரு ராஜா, படுக்கையறைக்கு ஒரு மனிதர்.

ஆனால் இந்த வெட்டுதான் காப்பாற்றியது. பள்ளம் அடியிலிருந்து நிரம்பிற்று. ஜனவரியில் தோட்டத்தில் நடந்தார். மாத இறுதியில் பாரிஸுக்குப் போய் நகரசபையில் விருந்து சாப்பிட்டார், உட்கார்ந்தபடி. மார்ச்சில் குதிரை ஏறினார். சுருக்குத் தசையைக் கூடுதலாக வெட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கட்டுப்பாடு போய்விடும் என்பதுதான் இந்த ஆபரேஷனின் தீராத ஆபத்து. அதுவும் நேரவில்லை. இன்னும் 28 வருடம் ஐரோப்பாவை உட்கார விடாமல் பண்ண அந்த இடம் தாங்கிற்று.

சன்மானம் பொழிந்தது. ஃபெலிக்ஸுக்கு 1,50,000 லிவ்ரும் ஒரு பண்ணையும். பக்கத்தில் நின்ற தாக்கானுக்கு 1,00,000. அவருக்குப் பக்கத்தில் நின்ற ஃபாகோனுக்கு 80,000. கூட நின்று உதவிய பெஸியேருக்கு 40,000. மருந்துக்காரர்களுக்கு ஆளுக்கு 12,000. நின்ற இடத்துக்கும் தொகைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்த்தால், வெட்டத் தெரிவதைவிட அருகே நிற்கத் தெரிவது மோசமான தொழில் அல்ல. அந்தக் காலை வேளைக்குப் பிறகு ஃபெலிக்ஸின் கை நடுங்க ஆரம்பித்து, நிற்கவே இல்லை என்று ஒரு கதை உண்டு. நடுங்கினால் என்ன, பண்ணை நடுங்காது.

பிறகு வந்தது தொற்றுநோய். ராஜாவுக்கு வந்த வியாதி தனக்கு வராதது பிரபுக்களுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. அதுவரை மூலத்தை மூடி மறைத்தவர்கள், லேசாக ஒரு கசிவு இருந்தால்கூட சர்ஜனைக் கூப்பிட்டுத் திருப்பிக் காட்டினார்கள். எனக்கும் ராஜாவுக்குச் செய்ததையே செய்யுங்கள் என்று கேட்டு வந்தவர்கள் முப்பதுக்கும் மேல் என்று தியோனிஸ் எழுதுகிறார். உங்களுக்கு ஒன்றுமில்லை, வெட்ட வேண்டியதில்லை என்று சொன்னால் கோபம் வேறு வந்ததாம். யோசித்துப் பாருங்கள், நல்ல உடம்போடு, மயக்க மருந்து இல்லாத யுகத்தில், கத்தியைக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். தலைவர் மொட்டை போட்டால் தொண்டர்களும் மொட்டை போடும் ஊரில் இருந்துகொண்டு நாம் ரொம்பச் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் முடி முளைக்கும்.

இதோடு ஒரு பொய்க் கதையையும் தட்டிவிட்டுப் போகலாம். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு, ராஜாவின் பவுத்திரம் குணமானதைக் கொண்டாட சங்கீதக்காரர் லுல்லி போட்டது என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்க இனிக்கிறது. பிற்காலத்தில் ஒரு சீமாட்டி பெயரில் யாரோ புனைந்த போலி நினைவுக் குறிப்பிலிருந்து வந்த சரக்கு அது. லுல்லிக்கும் அந்தப் பவுத்திரத்துக்கும் நிஜமாக இருந்த சம்பந்தமே போதும், புளுகு வேண்டாம்.

ஜான் பாப்டிஸ்ட் லுல்லி, பிளாரன்ஸ் நகரத்து மாவு மில்காரர் மகன். பையனாக பிரான்ஸுக்கு வந்து, இளம் லூயியோடு சேர்ந்து மேடையில் நடனமாடி, ராஜாவின் சங்கீத அதிகாரியாகி, தன் அனுமதி இல்லாமல் நாட்டில் யாரும் ஓபரா போட முடியாது என்று ஏகபோக உரிமை வாங்கிவைத்திருந்த ஆசாமி. 1687இல் அவருக்கு நேரம் சரியில்லை. அந்தரங்க விவகாரம் ஒன்று அம்பலமாகி ராஜா முகம் கொடுக்காமல் இருந்தார். ராஜா பிழைத்த சந்தோஷத்தை யார் எவ்வளவு உரக்கக் கொண்டாடுகிறார்கள் என்பது போட்டியாக இருந்த நேரம். லுல்லி தன் கைக்காசைப் போட்டு, 150 பேருக்கு மேல் பாட்டுக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் திரட்டி, பாரிஸில் ஒரு மாதா கோயிலில் நன்றிப் பாடல் ஏற்பாடு செய்தார். பாடல் புதிதல்ல, பத்து வருடத்துக்கு முன் தன் மகனின் ஞானஸ்நானத்துக்கு எழுதியது. பவுத்திரத்துக்குப் பொருந்தாமலா போகும்?

1687 ஜனவரி 8. அந்தக் காலத்தில் தாளம் காட்டக் கையில் கனமான தடி வைத்துக்கொண்டு தரையில் தட்டுவார்கள். லுல்லி உற்சாகத்தில் ஓங்கிக் குத்தியது தரையை அல்ல, தன் கால் விரலை.

சின்னக் காயம். வீங்கிற்று, பழுத்தது, கறுத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விரலை எடுத்துவிடலாம் என்றார். லுல்லி மாட்டேன் என்றார். கொஞ்ச நாளில் பாதம் வரை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மாட்டேன். பிறகு, முழங்கால் வரை. நடனக்காரன் காலை வெட்டுவதா என்று அவர் மறுத்தார் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்ட விலை கூடிக்கொண்டே போயிற்று, லுல்லி பழைய விலைக்கே பேரம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நாட்டு வைத்தியன் வந்து, வெட்டாமலே குணமாக்குகிறேன் என்றான். மேலே சொன்ன சுவர் விளம்பரத்தின் மூதாதை. லுல்லியிடம் பிரியம் கொண்ட வாந்தோம் இளவரசர்கள், குணமாக்கினால் 2000 பிஸ்டோல் தருவதாகத் தொகையையே கட்டிவைத்தார்கள். தொகை அவர்களுக்கே திரும்பிப் போயிற்று.

சாகும் தறுவாயில் பாதிரியார் வந்தார். ஓபரா பாவத் தொழில், எழுதிக்கொண்டிருக்கும் கடைசி ஓபராவை நெருப்பில் போட்டால்தான் மன்னிப்பு என்றார். லுல்லி இழுப்பறையைக் காட்டினார். பாதிரியார் எரித்துவிட்டுத் திருப்தியாகப் போனார். பார்க்க வந்த ஓர் இளவரசர், இவ்வளவு நல்ல சங்கீதத்தைக் கொளுத்திவிட்டாயே என்று வருத்தப்பட, ‘மெதுவாகப் பேசுங்கள், இன்னொரு பிரதி வைத்திருக்கிறேன்’ என்று லுல்லி காதோடு சொன்னாராம். லுல்லி செத்துப் பதினெட்டு வருடம் கழித்து எழுதப்பட்ட கதை, எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் இஷ்டம். மார்ச் 22ஆம் தேதி இறந்துபோனார். ராஜா குதிரை ஏறிய அதே மாதம்.

உடம்பிலேயே அழுக்கான இடத்தில் கத்தி வாங்கியவர் குதிரை மேல். காலில் தடி பட்டவர் கல்லறையில். இதில் அதிர்ஷ்டம் பாதி. கிருமி என்று ஒன்று இருப்பது இருவரின் டாக்டர்களுக்கும் தெரியாது. ஃபெலிக்ஸின் வெள்ளிக் கத்தி கொதிநீரைப் பார்த்திருக்காது. ஆனால் மீதிப் பாதிக்குக் காரணம் சொல்லலாம். ராஜாவின் காயம் வாய் பிளந்து கிடந்தது, சீழ் வெளியே ஓட வழி இருந்தது, தினமும் நாலு பேர் அதை உற்றுப் பார்த்தார்கள், மூடப் பார்த்தபோது மறுபடி திறந்தார்கள். லுல்லியின் காயத்தில் செத்த சதை உள்ளேயே இருந்தது. ஆன்டிபயாடிக் கையில் இருக்கும் இன்றும் சர்ஜன்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்: சீழை வெளியேற்று, செத்ததை எடு, பிறகு மருந்து.

28 வருடம் கழித்து, 1715 ஆகஸ்டில், ராஜாவுக்குக் கால் வலி. இடது கால். இப்போது ராஜ வைத்தியர் ஃபாகோன். தாக்கானை 1693இல் துரத்திவிட்டிருந்தார்கள். ஃபெலிக்ஸ் செத்து, சர்ஜன் பதவியில் மரேஷால் இருந்தார். ராஜா இளைத்துக்கொண்டே போகிறார், உடம்பில் ஏதோ சரியில்லை என்று மரேஷால் முன்பே சொல்லிப் பார்த்தார். ஃபாகோன் வாயை அடைத்துவிட்டார். இத்தனைக்கும் ஃபாகோனின் மூத்திரப்பையிலிருந்து 1701இல் கல்லை வெட்டியெடுத்து அவரைப் பிழைக்கவைத்தவர் இதே மரேஷால். கல் போனாலும் அங்கி போகவில்லை. கால் வலிக்கு நரம்பு வலி என்று பெயர் வைத்தார் ஃபாகோன். கழுதைப்பால் கொடுத்தார். காலில் கறுப்புப் புள்ளி தெரிந்தபோது, வாசனை மூலிகை போட்டுக் காய்ச்சிய பர்கண்டி ஒயினில் காலை ஊறவைத்தார்கள். நல்ல ஒயின், பாவம். லுல்லியின் காலில் ஏறிய அதே கறுப்புதான், விரலிலிருந்து மேலே மேலே. வெட்டும் பேச்சு வந்தபோது வெட்ட நேரம் கடந்துவிட்டிருந்தது. ஃபெலிக்ஸைப் போல நேரத்தோடு சொன்னவர் இருந்தும் கேட்க ஆள் இல்லை. கால் அழுகுகிற ராஜாவைப் பார்த்து எனக்கும் அப்படியே வேண்டும் என்று ஒரு பிரபுவும் வரவில்லை.

அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. அடுத்த வாரிசு ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன். ஆளப்போவது ராஜாவின் தம்பி மகன் ஓர்லேயான் கோமகன். அவர் அறைகளில் நிற்க இடமில்லாத கூட்டம். அந்த நேரம் பார்த்து தெற்கிலிருந்து ப்ருன் என்ற ஒருவன் நாற்றமடிக்கும் ஒரு மருந்தோடு வந்து சேர்ந்தான். டாக்டர்கள் கைவிட்டாயிற்று, கொடுத்துத்தான் பாருங்களேன் என்றார்கள். சில சொட்டு ஒயினில் கலந்து கொடுத்ததும் ராஜா கொஞ்சம் தெளிந்தார். ஆகஸ்ட் 29ஆம் தேதி இரண்டு பிஸ்கட்டை ஒயினில் நனைத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்ற செய்தி தாழ்வாரத்தில் பரவியதும் ஓர்லேயான் அறைகள் காலி. ராஜா இன்னொரு தரம் சாப்பிட்டால் நம் வீட்டு வாசலில் ஈ காக்கை இருக்காது என்று கோமகன் சிரித்ததாக, அந்தக் கூட்டத்தை எட்ட நின்று எண்ணிக்கொண்டிருந்த சேன்-சிமோன் பிரபு எழுதுகிறார். ராஜா இன்னொரு தரம் சாப்பிடும் நிலையில் இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, 77ஆவது பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னதாகக் கண்ணை மூடினார். கூட்டம் அதற்குள்ளாகவே கோமகன் வீட்டுக்குத் திரும்பி, அவரவர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.